தோண்டுவதற்கு முன் கணக்கெடுங்கள்!

கொல்லங்கோடு முதல் கீழ்மிடாலம் வரை 1,144 ஹெக்டேரில் கருமணல் எடுக்கத் திட்டம். அந்த மணலில் உள்ள தோரியம் உடலை என்ன செய்யும்? எல்லைக்கு அந்தப் பக்கம் வாழும் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களின் உடல்நலத்துக்கு யார் பொறுப்பு?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் களியக்காவிளையைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடி ஊர்களிலும் வீட்டுக்குள் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது.

கடற்கரையில் அந்தக் கோடு இன்னும் மெல்லியது. தமிழ்நாட்டின் மேற்குக் கடைசி மீனவ ஊர் நீரோடி. அதைத் தொட்டுக்கொண்டு தொடங்குகிறது கேரளத்தின் பொழியூர். இரண்டு ஊர்களையும் அரிப்பது ஒரே கடல். ஆனி, ஆடியில் அலை உயரும்போது இந்தக் கரையில் வந்து படிவதும் ஒரே கருமணல்தான்.

அந்த மணலை எடுக்கத்தான் இப்போது திட்டம் காத்திருக்கிறது. மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம், கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய பகுதிகளில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்க விரும்புகிறது. 2024 அக்டோபர் 1 அன்று பத்மநாபபுரத்தில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம், மக்களின் கடும் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. திட்டப் பகுதியின் மேற்கு முனையான கொல்லங்கோட்டைத் தாண்டினால் பொழியூர். கொஞ்சம் உள்ளே போனால் பாறசாலை. அங்குள்ள மக்களின் பெயர் இந்தப் பேச்சில் எங்கும் அடிபடுவதில்லை.

‘வீட்டுக்கு வீடு புற்றுநோய்’ என்பது இந்தக் கடற்புறத்தில் நெடுங்காலமாகக் கேட்கும் பேச்சு. ‘ஒன்றுமில்லை, எல்லாம் இயற்கையான கதிர்வீச்சுதான்’ என்பது அதிகாரிகளின் பதில். இரண்டையும் அப்படியே ஏற்காமல், அறிவியல் இதுவரை என்ன சொல்லியிருக்கிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டிய நேரம் இது.

கறுப்பு வேறு, ஆபத்து வேறு

கருமணலின் கறுப்பு நிறம் இல்மனைட்டால் வருவது. வெள்ளைப் பெயின்டுக்கு வேண்டிய டைட்டானியம் அதில் இருக்கிறது. அதோடு ரூட்டைல், சிர்கான், கார்னெட், சில்லிமனைட் ஆகியவையும் கலந்திருக்கும். கதிரியக்கம் இவற்றில் பெரிதாக இல்லை. அது இருப்பது மோனசைட்டில். தேன் நிறத்தில், மஞ்சளும் பழுப்புமாக இருக்கும் சின்னஞ்சிறு மணி அது. இந்தியக் கடற்கரை மோனசைட்டில் நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு வரை தோரியம் ஆக்ஸைடு, சுமார் 0.35 பங்கு யுரேனியம் ஆக்ஸைடு.

இந்த மணிகள் கடலில் பிறந்தவை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து பொடியாகின. அந்தப் பொடியை வள்ளியாறு கடியப்பட்டினத்துக்கும், குழித்துறை தாமிரபரணி தேங்காய்ப்பட்டினத்துக்கும், நெய்யாறு பூவாறுக்கும் கொண்டுவந்து சேர்த்தன. சாதாரண வெண்மணலைவிட மோனசைட் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். அலை திரும்பும்போது இலேசான மணலை இழுத்துப் போய்விடுகிறது. கனமானது கரையில் தங்கிவிடுகிறது. கடல் தானாகவே சலித்துக் குவித்த கனிமம் இது. மணவாளக்குறிச்சி, சின்னவிளை, பெரியவிளை, மிடாலம் என்று தொடங்கி, வடக்கே கொல்லம் மாவட்டத்தின் நீண்டகரை, சவறை வரை இந்தக் குவியல் விட்டுவிட்டுத் தொடர்கிறது.

கயிற்றோடு கப்பலேறிய கனிமம்

1828-ல் நார்வேயின் ஒரு தீவில் மோர்ட்டன் எஸ்மார்க் என்பவர் கண்டெடுத்த கறுப்புக் கல்லை, சுவீடன் வேதியியலாளர் பெர்சிலியஸ் ஆராய்ந்தார். அதில் ஒரு புதிய உலோகம் இருப்பதைக் கண்டு, இடியின் கடவுளான தோர் பெயரால் தோரியம் என்று பெயரிட்டார். அது கதிர் வீசும் உலோகம் என்பது 1898-ல்தான் தெரிந்தது. ஜெர்மனியில் கெர்ஹார்டு ஷ்மிட், பாரிஸில் மேரி க்யூரி இருவரும் தனித்தனியே அதைக் கண்டறிந்தார்கள்.

அதற்குள் தோரியத்துக்குச் சந்தை பிறந்துவிட்டது. ஆஸ்திரியாவின் ஆவுர் ஃபான் வெல்ஸ்பாக், தோரியம் ஆக்ஸைடும் சிறிது சீரியம் ஆக்ஸைடும் கலந்த வலைத்துணி, கேஸ் சுடரில் வெள்ளை வெளேரென்று ஒளிரும் என்று காட்டினார். நம் கல்யாண வீடுகளிலும் கோயில் கொடைகளிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில் அந்த வழியில் வந்ததுதான். ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளுக்கு மோனசைட் வேண்டியிருந்தது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைப் பார்த்தார். அது எங்கிருந்து வந்தது என்று தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். சில ஆண்டுகளிலேயே அங்கு மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது.

மின்விளக்கு வந்ததும் மேன்டில் சந்தை சரிந்தது. அணுகுண்டு வந்ததும் தோரியத்தின் மதிப்பு வேறு திசையில் ஏறியது. 1946-ல் திருவிதாங்கூர் மோனசைட் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. திவான் சி.பி. ராமசாமி ஐயரின் தனிநாட்டுக் கனவுக்குப் பின்னால் இருந்த பேரப் பொருள்களில் இந்த மணலும் ஒன்று. சுதந்திரத்துக்குப் பின், 1950 ஆகஸ்டில், இன்று ஐஆர்இஎல் எனப்படும் ஐஆர்இ நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆலுவாயில் அதன் ஆலையை 1952 டிசம்பரில் நேரு திறந்துவைத்தார். 1960களில் மணவாளக்குறிச்சி, சவறை ஆலைகளும் அதன் கைக்கு வந்தன. ஆக, நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கரையிலிருந்து மணல் போய்க்கொண்டிருக்கிறது. விளக்குக்கும் அணு உலைக்கும் பெயின்டுக்கும் அதன் பயன் என்ன என்று விரிவாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். கரையில் வாழ்ந்தவர்களின் உடலுக்கு என்ன ஆயிற்று என்ற கணக்கு மட்டும் மிகத் தாமதமாகத்தான் தொடங்கியது.

உடலுக்கு வெளியே, உடலுக்கு உள்ளே

தோரியம்-232 மிக மெதுவாகச் சிதையும் உலோகம். அதில் பாதி அழிவதற்கே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். பூமியின் வயதைப் போல மூன்று மடங்கு. இவ்வளவு மெதுவாகச் சிதைவதால், தூய தோரியத்தைக் கையில் எடுத்தால் உடனே எதுவும் ஆகிவிடாது. கவனிக்க வேண்டியது அதன் பிள்ளைகளை. தோரியம் சிதைந்து ரேடியம்-228 ஆகிறது. பிறகு ஆக்டினியம், மறுபடி தோரியம்-228, ரேடியம்-224, தோரான் வாயு, பொலோனியம், ஈயம், பிஸ்மத், தாலியம் என்று நீள்கிறது அந்த வம்சம். கடைசியில் அசையாத ஈயம்-208 ஆகும்வரை ஒவ்வொரு படியிலும் கதிர் வெளிவருகிறது.

அந்தக் கதிர்களில் மூன்று வகை. ஆல்ஃபா கதிர் தோலைத் தாண்டாது; ஒரு காகிதம் தடுத்துவிடும். ஆனால் நுரையீரலுக்குள்ளோ எலும்புக்குள்ளோ போய்விட்டால், பக்கத்துச் செல்லின் மரபணுவை உடைக்கும் வலு அதற்கு உண்டு. பீட்டா கதிர் கொஞ்சம் தூரம் போகும். காமா கதிர் சுவரையும் உடலையும் ஊடுருவும். மோனசைட் மணலில் நிற்பவர் மீது வெளியிலிருந்து விழுவது பெரும்பாலும் காமா.

மூன்று வழிகளில் இது மனிதரைத் தொடுகிறது. ஒன்று, மணலிலிருந்து வரும் காமா. இரண்டு, தோரான் வாயு. அதன் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு, சுமார் 55 விநாடி. அதனால் தூரம் போகாது. தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் கிளம்பி, காற்றோட்டமில்லாத அறையில் தன் பிள்ளைகளைத் தூசியில் ஒட்டவைத்துவிட்டு மறையும். அந்தத் தூசியைத்தான் நாம் மூச்சில் இழுக்கிறோம். மூன்று, மோனசைட் தூசியே நேராக மூச்சில் போவது. மூன்றிலும் கவலைக்குரியது இதுதான். சோற்றோடு வயிற்றுக்குப் போகும் தோரியத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேர்வதில்லை, மற்றது கழிந்துவிடும். நுரையீரலில் படிந்த தூசியோ எளிதில் கரையாது. ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். கொஞ்சம் கரைந்து இரத்தத்தில் சேர்வது எலும்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டியதில் பாதி வெளியேறவே 20 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும் என்பது கதிர்வீச்சுப் பாதுகாப்பு நிபுணர்களின் மதிப்பீடு.

உடலுக்குள் போன தோரியம் என்ன செய்யும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. மருத்துவ உலகமே அதை மனிதர்களிடம் செய்து பார்த்துவிட்டது. 1930களிலிருந்து 1950கள் வரை, எக்ஸ்ரே படத்தில் இரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்காக ‘தோரோட்ராஸ்ட்’ என்ற மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். அது தோரியம் ஆக்ஸைடின் நுண்துகள் கலந்த திரவம். உலகெங்கும் லட்சக்கணக்கானோருக்கு அது செலுத்தப்பட்டது. ஏற்றிய தோரியம் உடலை விட்டுப் போகவில்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் தங்கியது. 20, 30 ஆண்டுகள் கழித்து கல்லீரல் புற்றுநோயும் இரத்தப் புற்றுநோயும் அவர்களிடம் பெருகின. ஜெர்மனி, டென்மார்க், போர்ச்சுகல், ஜப்பான் நாடுகளில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வுகள் இதை ஐயமற நிறுவின. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, ஊசி வழியே செலுத்தப்பட்ட தோரியத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

கடற்கரையில் நடப்பவருக்கும் தோரோட்ராஸ்ட் ஏற்றியவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆனாலும் அந்த வரலாறு இரண்டு செய்திகளை உறுதியாகச் சொல்கிறது. உள்ளே போன தோரியம் எளிதில் திரும்பாது. அதன் விளைவு தெரிய ஒரு தலைமுறைக் காலம் ஆகலாம்.

கருநாகப்பள்ளி சொன்னதும் சொல்லாததும்

இயற்கையான கதிர்வீச்சில் வாழும் மக்களைப் பற்றி உலகில் நடந்த மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று, எல்லை ஊர்களிலிருந்து வடக்கே, கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் நடந்தது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990-ல் அங்கே புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. வீடு வீடாகப் போய் உணவு, தொழில், பீடி, வெற்றிலை எல்லாம் கேட்டார்கள். 70,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் உள்ளும் புறமும் கதிர்வீச்சை அளந்தார்கள். கடலோரத்தில் சில இடங்களில் அது ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை இருந்தது. உலகில் ஒரு மனிதர் எல்லா இயற்கை வழிகளிலும் பெறும் சராசரிக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட்தான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

30 வயதுக்கு மேற்பட்ட 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். அதற்குள் 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. கதிர்வீச்சு கூடிய வீடுகளில் வாழ்ந்தவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வரவில்லை என்பதே அதன் முடிவு. அந்தப் பகுதி ஆண்களின் நுரையீரல் புற்றுநோய்க்கும் பீடிக்கும் உள்ள உறவு மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

இந்த முடிவை மதிக்க வேண்டும். ‘வீட்டுக்கு வீடு’ என்ற அச்சத்தோடு வாழும் தாய்மாருக்கு இது ஆறுதல் தரும் செய்தியும்கூட. கடற்கரையில் நடந்ததாலோ மீன் தின்றதாலோ குளித்ததாலோ புற்றுநோய் வந்துவிடும் என்று நடுங்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஆய்வு எதைக் கேட்டதோ அதற்குத்தான் பதில் சொன்னது. அது கணக்கிட்டது வீட்டிலும் வெளியிலும் உடலின் மேல் விழும் காமாவை. மூச்சில் போகும் தூசியை அல்ல. பெரியவர்களைப் பின்தொடர்ந்தது, குழந்தைகளை அல்ல. சிறிய அளவில் ஆபத்து கூடியிருந்தால் அதை முற்றாக மறுக்கும் துல்லியமும் அதன் எண்களில் இல்லை. வேறு கேள்வியைக் கேட்டவர்களுக்கு வேறு பதில் கிடைத்தது. 1976-ல் கொச்சுப்பிள்ளை உள்ளிட்ட மருத்துவர்கள், கேரளத்தின் கதிர்வீச்சு மிகுந்த கடற்கரையில் டவுன் நோய்க்குறி கூடுதலாக இருப்பதாக ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அந்த முடிவைப் பிற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். பச்சிளங்குழந்தைகளிடம் பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளிலும் அப்படிக் காணப்படவில்லை. 2002-ல் ஃபோர்ஸ்டர் குழுவினர் தாய்வழி மரபணுவை ஆராய்ந்து, கதிர்வீச்சு மிகுந்த கரையில் வாழும் குடும்பங்களில் மரபணு மாற்றங்கள் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். மரபணு மாற்றம் என்பது நோய் ஆகிவிடாது. ஆனால் உடல் எதையும் உணராமல் இல்லை என்பதற்கு அது சாட்சி.

கிடக்கிற மணல், கிளறிய மணல்

எல்லை ஊர்களின் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. கருநாகப்பள்ளி ஆய்வு கேட்டது, கிடக்கிற மணலின் மேல் வாழ்வதைப் பற்றி. கொல்லங்கோட்டுக்கு வரவிருப்பது கிளறிய மணல்.

கிடக்கிற மணலில் மோனசைட் ஈரத்தோடு, மற்ற மணலோடு கலந்து பரவியிருக்கிறது. எடுத்த மணலை ஆலையில் முதலில் நீரில் அலசி, பிறகு உலர்த்துகிறார்கள். உலர்ந்ததை மின்புலத்திலும் காந்தத்திலும் ஓட்டி ஒவ்வொரு கனிமமாகப் பிரிக்கிறார்கள். உலர்ந்த நிலையில்தான் தூசி பறக்கிறது. கரையில் சிதறிக் கிடந்த தோரியம் ஓரிடத்தில் செறிவதும் அப்போதுதான். அங்கு வேலை செய்பவரின் நுரையீரலுக்கும் கரையில் நடப்பவரின் காலுக்கும் ஒரே அளவுகோலை வைக்க முடியாது. சீனாவின் பயான் ஓபோ சுரங்கத்தில் தோரியம் கலந்த தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. சிலிக்கா தூசியும் புகையும் அங்கு சேர்ந்திருந்தன என்பதையும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எதுவானாலும், தூசிதான் ஆபத்தின் வாசல் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

ஐஆர்இஎல் தரப்பில் ஒரு வாதம் உண்டு. மோனசைட்டைப் பிரித்தெடுத்துவிட்டு மீதி மணலைத் திரும்ப நிரப்பினால், அந்த இடத்தின் கதிர்வீச்சு முன்பைவிடக் குறையும் என்கிறார்கள். அந்த இடத்தைப் பொறுத்தவரை இது சரியாக இருக்கலாம். ஆனால் எடுத்த மோனசைட் காற்றில் கரைந்துவிடாது. ஆலையிலோ கிடங்கிலோ மூடிய குழியிலோ லாரியிலோ அது இருந்துகொண்டேதான் இருக்கும். கரையில் குறைந்த கதிர்வீச்சு எங்கே கூடுகிறது, யார் அருகில் கூடுகிறது, அங்கே யார் அளக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுக் கணக்கு.

மணலை அள்ளிய கரை கடலுக்கு எளிதாக வழிவிடும் என்ற அச்சமும் இதோடு சேர்ந்தது. பொழியூர் ஏற்கெனவே கடலரிப்பில் வீடுகளை இழந்து நிற்கும் ஊர். கரையோர நீரோட்டம் மணலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்திக்கொண்டே இருக்கும். கொல்லங்கோட்டில் எடுப்பதை பொழியூரின் கரை எப்படித் தாங்கும் என்பதை இரு மாநிலமும் சேர்ந்துதான் ஆராய முடியும்.

மலேசியாவில் பிந்திப் போன கேள்வி

கணக்கு முன்கூட்டியே எடுக்கப்படாத ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு மலேசியாவின் பேராக் மாநிலம் ஒரு சாட்சி. ஈப்போ நகருக்கு அருகே புக்கிட் மேராவில், ஏஷியன் ரேர் எர்த் என்ற ஆலை 1982-ல் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் அதில் பங்குதாரர். தகரச் சுரங்கக் கழிவில் கிடைத்த மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தார்கள். தோரியம் கழிவாக மிஞ்சியது. ஊர்க்காரர்கள் 1985-ல் நீதிமன்றம் போனார்கள். 1992-ல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. ஆனாலும் மக்கள் எதிர்ப்பு ஓயாததால் 1994-ல் நிறுவனமே ஆலையை மூடியது. அந்த இடத்தைச் சுத்தம் செய்ய சுமார் 10 கோடி டாலர் செலவானது.

அந்த ஊரில் குழந்தைகளுக்கு வந்த இரத்தப் புற்றுநோய்க்கு ஆலைதான் காரணமா என்பது நீதிமன்றத்தில் பெரும் சண்டையாகவே இருந்தது. ஆலை வருவதற்கு முன் ஊரின் உடல்நலம் எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாவிட்டால், எந்த ஊரிலும் சண்டை அப்படித்தான் முடியும். நோயாளி தன் நோய்க்குக் காரணத்தை நிரூபிக்க வேண்டியிருக்கும். நிறுவனம் ஐயத்தைக் கிளப்பினாலே போதும்.

எல்லைக்கோட்டில் விடுபடும் ஊர்கள்

இந்த எல்லைப் பகுதியில் நோய் வந்தால் மாநிலம் பார்ப்பதில்லை. காரக்கோணம் மருத்துவக் கல்லூரிக்கு இரு பக்கத்தாரும் போகிறார்கள். புற்றுநோய் என்று தெரிந்தால் குமரிக்காரரும் பாறசாலைக்காரரும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் வரிசையில் ஒன்றாக நிற்கிறார்கள். ஆனால் ஏட்டில் முகவரிதான் எழுதப்படுகிறது. கொல்லங்கோட்டுக்காரர் தமிழ்நாட்டுக் கணக்கில், பொழியூர்க்காரர் கேரளக் கணக்கில். ஒரே மணலின் மேல் வாழும் மக்கள் இரண்டு பெரிய மாவட்டங்களின் சராசரியில் பிரிந்து கரைந்துபோகிறார்கள். மாவட்டச் சராசரியில் ஒரு கடற்புற ஊரின் துயரம் தெரியாது. அதன் நலமும் தெரியாது.

சுற்றுச்சூழல் தாக்க ஆய்வுகளில் வழக்கமாகத் திட்டத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வரை பார்ப்பார்கள். கொல்லங்கோட்டிலிருந்து அந்தத் தூரத்தை வரைந்தால் பொழியூரும் பாறசாலையும் உள்ளே வந்துவிடும். ஆனால் கருத்துக் கேட்புக்கான கூட்டம் கூட்டப்பட்டது பத்மநாபபுரத்தில். கேரளத்து ஊராட்சிகளுக்கு அங்கே நாற்காலி இல்லை.

இப்போது அந்தக் கூட்டமும் வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. அணுக் கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் எடுக்கும் சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்து, 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆணை வெளியிட்டது. தமிழ்நாடு முதல்வர் அதைத் திரும்பப் பெறக் கோரி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கதிரியக்கம் உள்ள கனிமத்தை எடுக்கும்போது மக்களை மற்ற சுரங்கங்களைவிடக் கூடுதலாகக் கேட்க வேண்டும். இங்கே நேர்மாறாக, கேட்கவே வேண்டாம் என்கிறது அரசு.

நம்பிக்கை ஏற்கெனவே உடைந்த கரை இது. தென் மாவட்டங்களில் தாது மணல் எடுப்பதை 2013-ல் தமிழ்நாடு அரசு நிறுத்தியது. சட்டவிரோதமாக எடுத்த மணலுக்காக 5,832 கோடி ரூபாய் வசூலிக்க வேண்டும் என்றும், சிபிஐ விசாரிக்க வேண்டும் என்றும் 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இவ்வளவு காலம் கண்ணை மூடியிருந்த அமைப்புகளே இனிக் கண்காணிப்போம் என்றால், கடற்புறம் எளிதில் நம்பாது. நம்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது.

நாட்டின் தேவை, ஊரின் உரிமை

தோரியம் வேண்டாம் என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிட முடியாது. இந்தியாவில் சுமார் 1.3 கோடி டன் மோனசைட் இருப்பதாக அணுக் கனிம இயக்குநரகம் மதிப்பிட்டிருக்கிறது. ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுமின் திட்டத்தின் கடைசிக் கட்டம் தோரியத்தை நம்பியது. கல்பாக்கத்தில் காமினி என்ற சிறு ஆய்வு உலை, தோரியத்திலிருந்து பெறும் யுரேனியம்-233-ஐ எரிபொருளாகக் கொண்டு 1996 முதல் இயங்கியிருக்கிறது. மோனசைட்டில் உள்ள அரிய மண் தனிமங்கள் மின்சார வாகன மோட்டார்களுக்கும் காற்றாலைகளுக்கும் தேவை. நாட்டுக்கு இவை வேண்டும் என்பது நியாயமான வாதம்.

நாட்டின் தேவை பெரிது என்பதாலேயே ஊரின் உரிமையும் பெரிதாக வேண்டும். நாடு முழுவதற்கும் பயன்படும் ஒன்றுக்காக ஒரு சில ஊர்கள் தங்கள் கரையையும் மூச்சையும் தருகின்றன என்றால், அந்த ஊர்களின் உடல்நலத்தைக் காப்பது நாட்டின் கடன். 2017 நவம்பரில் ஒக்கி புயலில் இந்தக் கரையின் மீனவர்கள் கடலில் தனித்து விடப்பட்டார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ‘எங்களிடம் யாரும் கேட்கவில்லை’ என்று அவர்கள் இன்னொரு முறை சொல்லும்படி விடக்கூடாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• கருமணலை வீட்டுத் தரைக்கும் சுவர் பூசுவதற்கும் பயன்படுத்த வேண்டாம். தோரான் வாயு தரையிலிருந்தும் சுவரிலிருந்தும்தான் வருகிறது.

• படுக்கும் அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். சன்னலைத் திறந்து வைப்பதே தோரானுக்கு எளிய மருந்து.

• மணல் தூசி படிந்த இடத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கவும்.

• மணல் ஆலையில் வேலை செய்பவர்கள் வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து மற்றத் துணியோடு துவைக்கக் கூடாது. தூசிக் கவசமும் கதிர்வீச்சு அளக்கும் பட்டையும் கேட்டுப் பெறுவது அவர்களின் உரிமை. தொழிலாளருக்கான வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். அணுசக்திச் செயல்களால் பொதுமக்களுக்குக் கூடுதலாகச் சேரக்கூடியது ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்.

• பீடி, சிகரெட்டை விடுவது இந்தக் கரையில் இரட்டிப்பு அவசியம். கதிர்வீச்சும் புகையும் ஒரே நுரையீரலைத்தான் தாக்குகின்றன.

• மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ஆறாத புண், புதிய கட்டி எதையும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டவும்.

முதலில் செய்ய வேண்டியது

மேலே சொன்ன எதுவும் அரசின் பொறுப்பைக் குறைக்காது. சன்னலைத் திறப்பது குடும்பத்தின் வேலை. காற்றில் என்ன இருக்கிறது என்று அளந்து சொல்வது அரசின் வேலை.

முதலாவது, கருநாகப்பள்ளியில் செய்ததைப் போன்ற கணக்கெடுப்பு இங்கே வேண்டும். பூவாறு முதல் மணவாளக்குறிச்சி வரை எல்லையின் இரு பக்கத்தையும் ஒரே பகுதியாக எடுக்க வேண்டும். வீடு வீடாகப் புற்றுநோய், சுவாச நோய், பிறவிக் குறைபாடு ஆகியவற்றின் இன்றைய நிலையைப் பதிய வேண்டும். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு இதில் நீண்ட அனுபவம் இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கும் பதிவேட்டு அனுபவம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் மாநில எல்லை ஒரு தடையே அல்ல.

இரண்டாவது, இந்த முறை காமாவை மட்டும் அளந்தால் போதாது. வீட்டுக்குள் தோரான், காற்றில் தூசி, கிணற்று நீரில் ரேடியம் எல்லாவற்றையும் அளக்க வேண்டும். மணவாளக்குறிச்சி ஆலையின் பழைய தொழிலாளர்களையும் ஓய்வு பெற்றவர்களையும் தேடிப் பிடித்து அவர்களின் உடல்நலத்தை ஆராய வேண்டும். கிளறிய மணல் மனிதரை என்ன செய்யும் என்ற கேள்விக்குப் பதில் அவர்களின் உடலில் இருக்கிறது.

மூன்றாவது, அளவிடும் முடிவுகள் தமிழிலும் மலையாளத்திலும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். அளப்பவர்கள் மணல் எடுக்கும் நிறுவனத்தின் கீழ் இருக்கக் கூடாது. கருத்துக் கேட்பிலிருந்து தந்த விலக்கைத் திரும்பப் பெற்று, கொல்லங்கோட்டோடு பொழியூரையும் பாறசாலையையும் அழைத்துக் கூட்டம் நடத்த வேண்டும்.

இதற்கெல்லாம் சில ஆண்டுகள் ஆகும் என்பார்கள். ஆகட்டும். தோரியம் கெட்டுப்போகும் பொருள் அல்ல; நூறு ஆண்டு கழித்து எடுத்தாலும் அப்படியே இருக்கும். கெட்டுப்போனால் திரும்பாதது மனிதரின் நுரையீரல். கணக்கெடுப்பின் முடிவு அச்சத்தைப் போக்கினால் கடற்புறம் நிம்மதியாக உறங்கும். அச்சம் உண்மை என்றால் ஒரு பெருந்தவறு தவிர்க்கப்படும். இரண்டில் எது வந்தாலும் நட்டமில்லாத ஒரே வழி இது. அந்தக் கணக்கு முடிந்து மக்கள் முன் வைக்கப்படும்வரை, கொல்லங்கோட்டுக் கரையில் ஒரு மண்வெட்டி மணல்கூட எடுக்கக் கூடாது.